40 புள்ளி என்னும் கணக்கு

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் ஓர் அணி 40 புள்ளிகளைத் தொட்டுவிட்டால் தரமிறக்கத்திலிருந்து, அதாவது கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவதிலிருந்து, தப்பிவிடலாம் என்று, வார இறுதி முடிவுகளை அலசும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2002-03 பருவத்தில் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் எடுத்தும் கீழ்ப் பிரிவுக்குப் போனது. இரண்டே ஆண்டுகள் கழித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் கிடந்த வெஸ்ட் பிராம், வெறும் 34 புள்ளிகளோடு பிழைத்துக்கொண்டது. அதிலும், கடைசி நாளில் போர்ட்ஸ்மவுத்தை 2-0 என வென்றது மட்டும் போதவில்லை. தப்பிப்பதற்கு அதனுடன் போட்டியிட்ட கிரிஸ்டல் பேலஸ், சார்ல்டனுக்கு எதிராக 2-1 என முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டுக்கொடுத்ததும் தேவைப்பட்டது. ஆகவே, மொத்தப் புள்ளிகளைவிட, கீழே தத்தளிக்கும் அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களையே நான் உற்றுப் பார்ப்பேன். அங்கே வெல்லும் அணிக்கு மூன்று புள்ளிகள் கிடைப்பதோடு, போட்டியாளருக்கு அவை கிடைக்காமலும் போகின்றன.