தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு

"தாவர செல்லுக்குப் பசுங்கணிகம், விலங்கு செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா" என்று மாணவர்களிடையே சுற்றிவரும் குறிப்பு தவறு. பசுங்கணிகம் சர்க்கரையைத் தயாரிக்கிறது. அதைச் சிதைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைப் பெருமளவு தருவது தாவரத்திலும் மைட்டோகாண்ட்ரியாதான். மண்ணுக்குள் இருக்கும் வேர் செல்லில் பசுங்கணிகமே இல்லையே!

வெங்காயத் தோலில் அயோடின் இட்டு 400 மடங்கில் பார்த்தால் செல் சுவர், உட்கரு தெரியும். மைட்டோகாண்ட்ரியா தெரியாது, அகலம் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, அயோடின் அதைத் தனித்துக் காட்டாது. தெரியாததை இல்லாதது என்று எழுதவிடாதீர்கள்.

சுவாசத்தைக் காட்ட, முளைவிட்ட பயறை மூடிய குடுவையில் இட்டு, உள்ளே தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறு குழாயில் வைத்து, ஒரு நாள் இருட்டில் விடுங்கள். சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடால் சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்கும். ஒப்பீட்டுக்காக இன்னொரு குடுவையில் இதேபோல் வைக்கும், வேகவைத்து உயிரற்றுப்போன பயறைக் கிருமிநாசினியில் அலச வேண்டும். இல்லையேல் பாக்டீரியாவின் சுவாசம் அந்த நீரையும் கலக்கிவிடும்.