சமபலம் மூல ஆட்டத்தோடு சரி
2003-இல் வெளியான 'கமாண்ட் அண்ட் காங்கர்: ஜெனரல்ஸ்' என்ற கணினிப் போர் உத்தி விளையாட்டின் மூன்று தரப்புகளும் (அமெரிக்கா, சீனா, ஜி.எல்.ஏ. என்னும் கற்பனைப் போராளிக் குழு) சமபலம் கொண்டவை என்று அதைப் பற்றிய கட்டுரையொன்றில் கட்டுரையாளர் கூறுவது மூல ஆட்டத்துக்கு ஓரளவு பொருந்தலாமே தவிர, அதே ஆண்டில் வந்த 'ஜீரோ ஹவர்' விரிவாக்கத்துக்குப் பொருந்தாது. காரைக்குடி பிரவுசிங் சென்டர் ஒன்றில் கணினிகளை லேனில் (உள்வலையில்) ஒன்றோடொன்று இணைத்து ஆடிய காலத்தில், பாய்ந்து வரும் ஏவுகணைகளை லேசரால் சுட்டு வீழ்த்தும் கிங் ராப்டர் விமானங்களை வைத்திருக்கும் அமெரிக்க விமானப்படைத் தளபதியை (அந்த விரிவாக்கத்தில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய தளபதிகளில் ஒருவர்) யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நாங்களே விதி வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் சிறப்பு சமநிலையில் இல்லை, தரப்புகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதில்தான் இருக்கிறது. மின் நிலையங்களைத் தகர்த்துவிட்டால் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைக் காவல் அரணும் சீனாவின் கேட்லிங் பீரங்கியும் செயலற்றுவிடும். மின்சாரமே தேவைப்படாத ஜி.எல்.ஏ.வோ, ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியேறும் எங்கள் ஊர் வீடுகளைப் போல, ஒரு சுரங்க வாயிலில் படையை இறக்கி வரைபடத்தின் மறுகோடியில் வெளிக்கொணர்ந்து, வீழ்த்திய வண்டிகளின் இரும்புத் துண்டுகளைப் பொறுக்கித் தன் ஆயுதங்களை வலுப்படுத்திக்கொள்ளும். அந்தக் கட்டுரைக்கான கருத்துரையில் ஒரு வாசகர் சுட்டியுள்ள, குறுகிய பாதைகளில் டாங்கிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றுவிடும் குறை முற்றிலும் உண்மை. பெரும்படையை ஒரே கட்டளையில் அனுப்பாமல் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.