சிரிப்புக் குறி போட்டவர்களுக்கு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பதிவின் கீழே சிரிப்புக் குறிகள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க முடியவில்லை. எந்தப் பதிவு என்று என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதும் இல்லை. ஏற்கெனவே போதுமான அளவு மென்று துப்பிவிட்டீர்கள்.

அந்த மனிதர் என்ன செய்தார்? டேட்டிங் செயலியில் பழகிய ஒரு கணக்கு தன்னை மிரட்டுகிறது, தன் முகத்தோடு ஓர் அந்தரங்க வீடியோ உங்களில் யாருக்காவது வரலாம், வந்தால் அழித்துவிடுங்கள், பணம் கொடுக்கப்போவதில்லை, புகார் கொடுத்துவிட்டேன் என்று சில வரிகள் எழுதினார். அவ்வளவுதான். இப்படிச் சிக்கிக்கொண்ட ஒருவர் செய்யக்கூடியதிலேயே சரியான காரியம் அது. நூறு பேரில் ஒருவருக்குக்கூட அந்தத் துணிச்சல் வருவது சந்தேகம். அதற்கு நம் பெருமக்கள் கொடுத்த பரிசு என்ன? ‘டிரெய்லர் எப்போது வருகிறது?’ ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா சார்?’ ‘அனுபவம் எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.’ வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மிரட்டுகிறவன் கையில் இருக்கும் வீடியோவுக்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. இணையத்தில் நிர்வாணத்துக்கா பஞ்சம்? முன்பின் தெரியாத ஒரு நடுத்தர வயது ஆளின் மங்கலான வீடியோவை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதற்கு விலை வருவது நம்மால். அதைப் பார்த்தால் நாம் சிரிப்போம், பகிர்வோம், அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதையே நினைப்போம் என்று அவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவன் தொழில் நடக்கிறது. நீங்கள் அந்தத் தொழிலில் சம்பளமில்லாத ஊழியர்கள்.

எப்படி நடக்கிறது என்று தெரியாமல் சிரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செயலியில் ஒரு கணக்கு பொருந்துகிறது, அதாவது இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது என்று அழுத்தியாகிவிட்டது. பேச்சு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, இங்கே பேசுவது வசதியாக இல்லை, வாட்ஸ்அப்புக்கு வா, டெலிகிராமுக்கு வா என்று அழைப்பு வரும். செயலியில் புகார் கொடுத்தால் கணக்கு போய்விடும், வெளியே வந்துவிட்டால் அவனுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்து, உன் இன்ஸ்டாகிராம் கணக்கு என்ன, முகநூலில் இருக்கிறாயா என்று ஆசையாகக் கேட்பார்கள். உங்கள் அழகைப் பார்க்கக் கேட்கவில்லை ஐயா, உங்கள் நண்பர்கள் பட்டியலை எடுக்கக் கேட்கிறார்கள். உங்கள் பட்டியல்தான் ஆயுதம். அதன் பிறகு வீடியோ அழைப்பு. எதிரே தெரிவது பெரும்பாலும் முன்பே பதிவு செய்யப்பட்ட வேறு யாருடைய வீடியோவோதான். கையை அசை என்றால் அசைக்காது. உங்கள் முகம் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் அங்கே பிடிவாதம் இருக்கும். அழைப்பு துண்டிக்கப்பட்டுச் சில நிமிடங்களில் முதல் ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும்.

‘நான் அப்படியெல்லாம் கேமரா முன் நிற்க மாட்டேன்’ என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்கு ஒரு தகவல். நீங்கள் நிற்க வேண்டியதே இல்லை. குடும்ப விழாவில் எடுத்துப் போட்ட படத்திலிருந்து உங்கள் முகத்தை எடுத்து வேறு உடலில் ஒட்டிவிடும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அப்படி ஒரு வீடியோ உங்கள் பெயரில் சுற்றும் நாளில், ‘அது நான் இல்லை’ என்று நீங்கள் எழுதும் பதிவின் கீழேயும் யாராவது டிரெய்லர் கேட்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உள்பெட்டியில் ஒருவர் விசாரித்தார். சொல்கிறேன். என் உறவுப் பையன் ஒருவன். எந்த உறவு என்று ஆராய வேண்டாம், நேரம்தான் வீணாகும். ‘நீ எழுது அக்கா, பெயர் மட்டும் வேண்டாம்’ என்று அவனே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். சில காலத்துக்கு முன்பு ஓர் இரவு, ஊரே தூங்கிய பிறகு, ‘அக்கா, விழித்திருக்கிறாயா?’ என்று அழைத்தான். குரலே சரியில்லை. வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவன் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். அது அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்பு வரை நகர்ந்துவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவனுடைய நண்பர்கள் பட்டியலைப் படம் பிடித்து, சில பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அவனுடைய மேலதிகாரி, அவனுடைய அண்ணன், நான்.

கீழே, ‘ஐந்து நிமிடம் தருகிறேன்’. பிறகு நான்கு, மூன்று என்று எண்ணிக்கை இறங்கியது. முடிந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? மறுபடியும் ‘ஐந்து நிமிடம் தருகிறேன்’. கடைசி வாய்ப்பு, உண்மையிலேயே கடைசி வாய்ப்பு, இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்பு. கேட்ட தொகையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. பேரம்தான், வேறென்ன. அவன் அதற்குள் பணம் அனுப்பியிருந்தான். வீடியோவை அழிப்பதற்கு ஒருமுறை, அதன் நகலை அழிப்பதற்கு இன்னொரு முறை. அதற்கும் பிறகு, போலீஸ் சீருடைப் படம் வைத்த ஓர் எண்ணிலிருந்து ‘உன் மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள், வழக்கு வேண்டாம் என்றால்’ என்று கனத்த குரலில் ஒருவர் பேசியிருக்கிறார். அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். எனக்கு அதே கூட்டத்து ஆளாகத்தான் பட்டது. எந்த நாட்டிலும் காவல்துறை வாட்ஸ்அப்பில் பேரம் பேசி வழக்கை முடிப்பதில்லை.

போன பணத்தைப் பற்றி அந்தப் பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அண்ணன் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பான் அக்கா?’ இதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

விடியும் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தோம். பதில் எதுவும் எழுதவில்லை. எண்களைத் தடை செய்தோம், புதிய எண்களிலிருந்து வந்தது, அவற்றையும் தடை செய்தோம். அவன் கணக்கைச் சில நாட்களுக்கு முடக்கி வைத்தோம். ஓய்ந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி ஓயும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மிரட்டுகிறவர்களில் சில பேர் சொன்னபடி அனுப்பியே விடுகிறார்கள். அனுப்பினால் என்ன ஆகும் என்பது அதைப் பெறுகிறவர்களைப் பொறுத்தது. அதாவது உங்களை.

இப்போது அறிவுரை வகுப்பு எடுக்கும் கூட்டத்துக்கு வருகிறேன். ‘ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான்.’ சரி, ஆசைப்பட்டார். தனியாக இருக்கும் ஒருவருக்குப் பேச ஆள் வேண்டும் என்று தோன்றுவதற்கு என்ன தண்டனை என்று நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். வாழ்நாள் சேமிப்பா? வேலையா? உயிரா? வீடு திறந்திருந்தது என்பதற்காகத் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கட்டி வைத்து அடிக்கும் நியாயம் எனக்குப் புரியவில்லை. ‘டேட்டிங் செயலிக்கு ஏன் போக வேண்டும்’ என்கிறவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை. போகிறார்கள், உங்கள் வீட்டிலும் போகிறார்கள். உங்களிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

‘படித்தவர் ஏமாறலாமா?’ என்று ஒரு பேராசிரியர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் காதல் மோசடி என்று 2022இல் புகார் கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட 70,000 பேர். அவர்கள் சொன்ன இழப்பு 130 கோடி டாலர். புகார் கொடுத்தவர்கள் மட்டும்! அத்தனை பேரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? இந்த வகை மோசடியில் மிரட்டலே இருக்காது. மாதக்கணக்கில் காலை வணக்கம் சொல்வார்கள், உங்கள் அம்மாவின் உடல்நிலை விசாரிப்பார்கள், நேரில் சந்திக்க மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது இடைஞ்சல் வந்துவிடும். பிறகு ஒரு நாள் மருத்துவமனைச் செலவு, சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பரிசுப் பொதி, அல்லது ‘எனக்கு நல்ல லாபம் தரும் ஒரு கிரிப்டோ தளம்’. அதில் முதலில் சிறு தொகை போட்டால் லாபத்தோடு எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகை போட்ட பிறகுதான், எடுக்க வேண்டும் என்றால் வரி கட்டு என்பார்கள். பேராசிரியர் ஐயா, இதில் எந்தப் படியில் உங்கள் பட்டம் உங்களைக் காப்பாற்றும்?

2025 ஜனவரியில் பிரான்சில் ஒரு பெண்ணின் கதை வெளிவந்தது. தன்னோடு பழகுவது நடிகர் பிராட் பிட் என்று நம்பவைத்து அந்தப் பெண்ணிடம் 8,30,000 யூரோ பறித்திருந்தார்கள். அவர் துணிந்து தொலைக்காட்சியில் பேசினார். உலகமே சேர்ந்து கேலி செய்த வேகத்தில், டிஎஃப்1 தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியையே இணையத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பறித்தவர்களின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஏமாந்தவரின் பெயரை வைத்து மீம் போடத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அடுத்து ஏமாந்தவர் வாயைத் திறப்பாரா?

‘மறுமுனையில் இருப்பவர்களும் பாவப்பட்டவர்கள்தான்’ என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். இது உண்மையிலேயே கனமான பேச்சு. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடிகளைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. வேலை என்று நம்பிப் போய் அடைபட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்காக வருந்துகிறேன். ஆனால் தோழி, முகம் தெரியாத ஏமாற்றுக்காரருக்காகக் கசியும் மனம், நம் பட்டியலிலேயே இருக்கும் இந்த மனிதருக்காக ஏன் கசியவில்லை? அந்தப் பதிவிலும் நீங்கள் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன்.

‘ஆணுக்கு வக்காலத்து வாங்குகிறாள், பெண்களுக்கு நடக்கும்போது எங்கே போனாள்’ என்று வரும் என்று தெரியும். பெண்களுக்கு நடக்கும்போதும் எழுதியிருக்கிறேன், அப்போது ‘அவள் ஏன் படம் அனுப்பினாள்’ என்று கேட்டவர்களும் இதே ஆட்கள்தான். அவமானம் கூடக்கூட விலையும் ஏறும். ஒருபால் ஈர்ப்பு உடையவர்கள் நிலை இன்னும் மோசம். எகிப்து, இராக், ஜோர்டான், லெபனான், துனிசியா ஆகிய நாடுகளில் போலிக் கணக்குகள் வழியாக அவர்களை வலைவிரித்துப் பிடிப்பதையும் மிரட்டிப் பணம் பறிப்பதையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2023இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. அங்கே சில இடங்களில் வலை விரித்ததே பாதுகாப்புப் படை. அவர்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரையிலான ஒன்றரை ஆண்டில் மட்டும், வயதுவராத பிள்ளைகளை இப்படி மிரட்டிப் பணம் பறித்ததாக 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்ததாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 12,600 பேர், பெரும்பாலும் பையன்கள். குறைந்தது 20 பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் எதற்குப் பயந்தார்கள்? வீட்டில் என்ன சொல்வார்கள், பள்ளியில் என்ன சொல்வார்கள் என்பதற்கு. உங்கள் பிள்ளையும் உங்கள் பின்னூட்டங்களைப் படிக்கிறான். ‘இந்த வயதில் தேவையா’ என்று அப்பா யாரையோ கேலி செய்ததைப் படித்தவன், தனக்கு ஒன்று நேர்ந்தால் அப்பாவிடம் வருவானா?

இப்போது யாராவது இதைப் படித்துக்கொண்டே இன்னொரு கையில் அதிரும் கைப்பேசியைப் பிடித்திருந்தால், உனக்குச் சொல்கிறேன். பணம் கொடுக்காதே. கொடுத்திருந்தால் இனி கொடுக்காதே, கொடுப்பவன் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். உரையாடலை அழித்துவிடாதே. கணக்கின் முகவரி, எண், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்து. நண்பர்கள் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாதபடி மூடு. உன் நாட்டின் சைபர் குற்றப் பிரிவிலும் செயலியிலும் புகார் கொடு. ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்று ஒரு தளம் இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கியது. உன் படத்தை எங்கும் ஏற்றாமல், உன் கருவியிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களின் தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இதே உதவிக்கு டேக் இட் டவுன் (Take It Down) என்ற தளம். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், வீடியோவை ஹேக் செய்து அழிக்கிறேன் என்று கட்டணம் கேட்டு வருகிறவனை நம்பாதே, அவனும் அதே ரகம்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரே ஒருவரிடமாவது சொல். சொல்ல யாருமே இல்லை என்றால் என் உள்பெட்டி திறந்திருக்கிறது. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீடியோ உங்களுக்கு வந்தால் அழித்துவிட்டு, ‘வந்தது, அழித்துவிட்டேன், நீங்கள் நலமா?’ என்று அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். இந்தப் பதிவின் கீழே அதற்கு இணைப்பு கேட்பவர்களைக் காரணம் சொல்லாமல் நீக்குவேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஆதரவாக நேற்று நான் போட்ட பின்னூட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘உங்களிடம் அந்த வீடியோ இருக்கிறதா மேடம்’ என்று இருவர் உள்பெட்டிக்கே வந்து கேட்டுவிட்டார்கள்.