இன்னும் 5 விநாடிதானாம்!

பென்டிரைவில் காப்பி போட்டுவிட்டு, குளித்து, துணி காயப்போட்டு வந்து பார்க்கிறேன். 99 சதவீதம். இன்னும் 5 விநாடி என்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னாலும் அதே 5 விநாடிதான்! எந்த ஊர்க் கடிகாரம் அது?

தொடக்கத்தில் என்ன ஜோர்! நொடிக்கு 200 எம்பி என்று குதிக்கும். அத்தனையும் நடிப்பு. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் குவித்து வைத்துக்கொண்டு 'எழுதியாச்சு' என்று கதை விடுகிறது. நிஜமாக எழுத ஆரம்பித்ததும் 4 எம்பி, 2 எம்பி, அப்புறம் பூஜ்யம். மூச்சுப் பேச்சில்லை.

டிரைவ் மேல் யூஎஸ்பி 3.0 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். நொடிக்கு 5 ஜிகாபிட்டாம். அது பாதையின் வேகமய்யா, உள்ளே கிடக்கும் மட்டமான சிப்பின் வேகமா? இதில் 3.0-க்கே 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று இரண்டு முறை பெயர்சூட்டு விழா வேறு! வேகமாகப் போகுமென்று கணினியின் நீல ஓட்டையில் செருகச் சொன்னார்கள், செருகினேன். (முதல் தடவையே சரியான பக்கம் செருகியவர் யாராவது உண்டா?) ஒரே பெரிய வீடியோ என்றாலாவது பரவாயில்லை. 20,000 குட்டி போட்டோ என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரவேற்பு, வழியனுப்பு.

ஒருவழியாக முடிந்தது என்று கழற்றப் போனால், 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது'. யார் பயன்படுத்துகிறார்களாம்? நானா?