காண்டர் ஆறு: சுரங்கம் இன்றும் இருக்கிறதா?

சுவிட்சர்லாந்தின் காண்டர் ஆற்றைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “1714இல் மலையைக் குடைந்து ஆற்றைத் தூன் ஏரிக்குத் திருப்பினார்கள், அந்தச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது, வெள்ளம் அன்றோடு ஒழிந்தது.” திருப்பியது உண்மை. மற்ற இரண்டும் தவறு.

முன்பு காண்டர், ஏரியைத் தொடாமல் தூன் நகருக்குக் கீழே ஆரே ஆற்றில் கலந்தது. சரளைக்கல்லைக் கொண்டுவந்து கொட்டி, வயல்களை மூழ்கடித்தது. அதனால்தான் ஸ்ட்ரெட்லிகன் மேட்டைக் குடைந்தார்கள். ஆனால் புதிய வழியின் நீளம் மிகக் குறைவு, ஏரியோ பள்ளத்தில். சரிவு கூடியதும் நீரின் வேகமும் கூடியது. ஆறு தன் படுகையையே அறுத்தது. அரிப்பு ஆறு வரும் திசையை நோக்கி ஏறியது, சுரங்கத்தின் கூரை இடிந்தது. இன்று அங்கே இருப்பது திறந்த பள்ளத்தாக்கு. அறுத்த கல்லும் மணலும் ஏரியில் கழிமுகத் திட்டாகக் குவிந்தன.

வெள்ளமும் ஒழியவில்லை, இடம் மாறியது. ஏரிக்கு வரத்து பெருகியது. நீர் வெளியேறும் வாய் அதே பழைய அகலம். ஏரியின் பரப்பு சுமார் 48 சதுர கிலோமீட்டர். வெளியேறுவதைவிட நொடிக்கு 100 கன மீட்டர் கூடுதலாக வந்தால், ஒரே நாளில் மட்டம் 18 செ.மீ. ஏறும். அடி வாங்கியது கரையிலிருந்த தூன் நகரம்.

பின்னர் அங்கே மதகுகள் கட்ட வேண்டியதாயிற்று. நகருக்கு அடியில் சுமார் 1.2 கி.மீ. நீள வெள்ள வடிகால் சுரங்கம் 2009இல்தான் முடிந்தது. இன்று ஓடும் சுரங்கம் இதுதான்; அந்தச் செய்தியைப் பகிர்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.