அந்தப் பெரியவர் மாயமாகவில்லை, வழி தவறினார்

நாலு நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலையும் மூன்று பேர் அதே வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பெரியவர் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாலைப்பழம் ஆயக் காட்டுக்குப் போனார். இரண்டு இரவு வரவில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் தானாகவே நடந்து வந்தார். உடம்பெல்லாம் முள்ளுக் கீறல், உதடு வெடித்திருந்தது, பேச்சு வரவில்லை. உயிரோடு வந்தாரே, அது போதும் என்று நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். அடுத்த நாளே வந்தது வீடியோ. வன்னிக் காட்டில் மாயமான முதியவராம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நடக்கும் மர்மம் இப்போது இங்கேயும் நடக்கிறதாம். அவருடைய ஒற்றைச் செருப்பைப் படம் பிடித்து, இது ஏன் தனியாகக் கிடந்தது என்று கேட்கிறார் அந்தத் தம்பி.

வார் அறுந்துவிட்டது, அதனால் கழற்றி எறிந்தேன் என்று அந்தப் பெரியவரே சொன்னார். வீடியோ எடுத்தவர் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் மாயமாகவில்லை. வழி தவறினார். இதை இந்தப் பதிவில் இன்னும் பத்துத் தடவை சொல்லுவேன்.

அமெரிக்காவைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரி, பேசுவோம். அங்கே யோசமிட்டி என்ற ஒரு பூங்கா மட்டும் 3,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். எங்கள் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதையும் விடப் பெரியது. அதற்குள் பள்ளத்தாக்கு, அருவி, பனி. அந்த நாட்டுப் பூங்காக்களில் எதிர்பாராமல் இறப்பவர்களில் அதிகமானோர் வாகன விபத்திலும் நீரில் மூழ்கியும் விழுந்துமே இறக்கிறார்கள். அங்கே உடுப்புக் கழற்றிய நிலையில் உடல்கள் கிடைத்ததை வீடியோவில் பெரிய மர்மமாகச் சொல்கிறார். கடும் குளிரில் உடம்பு விறைத்துச் சாகும் தறுவாயில், சுருங்கியிருந்த இரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பு எரிவது போல இருக்குமாம். அந்த நிலையில் மனிதர்கள் தாங்களாகவே உடுப்பைக் கழற்றி எறிகிறார்கள். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது.

2013 ஆடி மாதம் அப்பலாச்சியன் மலைப்பாதையில், மெயின் மாநிலத்தில், 66 வயது அம்மா ஒருவர் சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு விலகினார். திரும்பிப் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவனுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார், பிறகு கூடாரம் அடித்துக் காத்திருந்தார். மூன்று கிழமைக்கு மேல் உயிரோடு இருந்து குறிப்பு எழுதியிருக்கிறார். தேடியவர்கள் அவருக்கு மிகக் கிட்ட வந்து திரும்பியிருக்கிறார்கள். 2015 ஐப்பசியில்தான் உடல் கிடைத்தது. அதுவரை இரண்டு வருடமாக அவரைப் பற்றியும் ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொன்னார்கள். அவர் எழுதிய குறிப்புகளில் பேயும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை. என் உடலைக் கண்டெடுத்தால் கணவனுக்கும் மகளுக்கும் சொல்லுங்கள் என்ற வேண்டுதல்தான் இருந்தது.

என் கதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், படித்துவிட்டுப் பேசுகிறார், காட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பப்பாவோடு ஒட்டுசுட்டானுக்கு அங்கால் தேன் எடுக்கப் போனோம். காட்டு வாசலில் அப்பப்பா ஒரு குழையை முறித்து ஐயனாருக்கென்று மரக்கவட்டில் செருகுவார். அது சாமி காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். எந்த இடத்தால் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதற்கு அது அடையாளமும் என்று பிறகுதான் விளங்கியது. அவர் பொந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பாலைப்பழத்தைத் தின்று தின்று நடந்தேன். வடிவான பாதை மாதிரி ஒன்று தெரிந்தது. யானைத் தடம் அது. யானை தன் வேலைக்கு நடக்கும், எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்கு நடக்காது. அது இரண்டாகப் பிரிந்தது, பிறகு நாலாகப் பிரிந்தது. எங்கள் காட்டில் மலை இல்லை, மேடு இல்லை. முதிரை, வீரை, பாலை, கீழே சூரைப்பற்றை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. உச்சிப் பொழுது, நிழல் காலடிக்குள். கிழக்கு எது, மேற்கு எது என்று சூரியனாலும் சொல்ல முடியாத நேரம்.

நேராக நடக்கிறேன் என்று நினைத்துத்தான் நடந்தேன். அரை மணித்தியாலம் கழித்து நான் துப்பிய பாலை விதைகள் எனக்கு முன்னாலேயே கிடந்தன. இன்னும் நடந்தேன். மறுபடியும் அதே விதைகள். உதடு இரண்டும் பழத்தின் பாலில் ஒட்டிக்கொண்டு அழக்கூட வாய் திறக்கவில்லை.

மனிதன் சூரியனோ நிலவோ தெரியாவிட்டால் வட்டமாகத்தான் நடப்பான் என்று 2009 இல் ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் நடக்க விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் தங்கள் தடத்தையே தாண்டிப் போனதை அறியவில்லை. கண்ணைக் கட்டி விட்டால் 20 மீற்றர் குறுக்களவுக்குள்ளேயே சுற்றியிருக்கிறார்கள். அந்த ஆய்வு எனக்குப் புதினமாகவே இருக்கவில்லை. நான் அந்த விதைகளைக் கண்ணால் கண்டவன்.

அப்பப்பாவுக்கு அந்த ஆய்வு தெரியாது. அவருக்குத் தெரிந்தது திகைப்பூண்டு, மிதித்தவனுக்கு வழி தெரியாமல் போகும் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் பூண்டு. "திகைப்பூண்டு மிதிச்சிட்டாய் எண்டு தெரிஞ்சா அதுக்குப் பிறகு ஒரு அடி எடுத்து வைக்காதை. சேட்டைக் கழட்டி மறுபக்கமாப் போடு. தண்ணியைக் குடி. ஒரு மரத்துக்குக் கீழை குந்து. நான் வருவன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போவார். அன்றைக்கு அதைத்தான் செய்தேன். பொழுது சாய முன்னம் அவருடைய கூ சத்தம் கேட்டது. நானும் கூக்காட்டினேன். வந்தார். அடிக்கவில்லை. தண்ணீர் தந்தார்.

1981 இல் கலிபோர்னியாவின் பலோமார் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறி இறந்த பிறகு, வழி தவறினால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நில் என்று அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். என் அப்பப்பா சொன்னதும் அதுதான். அவருடைய திகைப்பூண்டுக் கதை ஆளை ஓரிடத்தில் குந்த வைத்தது, காப்பாற்றியது. உங்களுடைய மர்மக் கதை தேடுகிறவனைப் பயந்து திரும்ப வைக்கிறது. இரண்டாம் நாள் இரவு நாலு பெடியன்கள் உள்ளே போக மறுத்தார்களே, ஏன் மறுத்தார்கள்? யானைக்குப் பயந்தா? நானும் அங்கே நின்றேன். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்குத்தானே அண்ணா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெரியவரின் மகளிடம் போய் இதைச் சொல்லுங்கள் தம்பி. வேறு பதில் என்னிடம் இல்லை.

இன்னும் கண்டுபிடிக்காத ஆட்கள் அங்கே இருக்கிறார்களே என்று கேட்கிறீர்கள். இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். 1969 இல் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஒளித்து விளையாடப் போய்க் காணாமல் போனான். இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று இரவே கடும் மழை. பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தேட இறங்கினார்கள். அத்தனை பேரின் காலடியில் இருந்த தடமும் அழிந்திருக்கலாம் என்று தேடுதல் வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்? முதல் நாள் பின்னேரமே நாற்பது மோட்டார் சைக்கிளில் உள்ளே போய், அவர் நடந்த தடம் முழுவதையும் டயரால் உழுது வைத்தோம். அரைவாசிப் பேர் கையில் போனைப் பிடித்தபடி. நானும் அதில் ஒருவன், என் மோட்டார் சைக்கிளும் அங்கே போனது. இப்போது நினைக்க வயிறு எரிகிறது.

பாலைப்பழக் காலம் இன்னும் முடியவில்லை. நாளைக்கும் ஆட்கள் போவார்கள். போகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பெரியவர் சொல்லவில்லை, ஒரு பகல் முழுவதும் வேறு பக்கத்தில் தேடினோம். தனியாகப் போகாதீர்கள். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும், எதிர்ப்பட்டால் முகத்தில்தான் பாயும். சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முதலே இறக்கி வைத்திருந்தால் நிற்கும் இடம் தெரியும். ஒரு விசிலைக் கழுத்தில் கட்டுங்கள், தொண்டை வறண்ட பிறகு கூக்காட்ட முடியாது. குளத்தையோ ஆற்றையோ கண்டால் கரையில் படுக்காதீர்கள், இரவில் யானை அங்கேதான் வரும். எங்கள் மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது, மிதிவெடி. சிவப்பில் மண்டையோடு போட்ட பலகையைக் கண்டால், வந்த காலடியிலேயே பின்னால் வாருங்கள். குறுக்கு வழி வேண்டாம். ஆள் வராவிட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே விதானையாருக்கும் (கிராம அலுவலர்) பொலிசின் 119 க்கும் சொல்லுங்கள்.

ஐயனாரை நம்பவில்லையா என்று ஒரு அக்கா கோபமாகக் கேட்டிருக்கிறார். நம்புகிறேன் அக்கா. இன்றைக்கும் குழை முறித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

கடைசியாக ஒருவர் கேட்டிருக்கிறார், ஒரு வீடியோவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று.

'மர்மமான முறையில் காணாமல் போனார்.' இந்த வசனத்தை முதல் முதலாக நான் அந்த வீடியோவில் கேட்கவில்லை. போர் முடிந்த 2009 வைகாசியில் என் பெரியம்மா தன் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தார். அவன் காட்டுக்குப் போகவில்லை. பாதையை விட்டு விலகவில்லை. யாரிடம் கொடுத்தோம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை விண்ணப்பம், எத்தனை விசாரணை. ஒரு இடத்தில், உங்கள் மகன் எப்படிக் காணாமல் போனார் என்று தெரியவில்லை அம்மா என்று எழுதிக்கொண்டார்கள். கிளிநொச்சியில் 2017 மாசி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் தெருவோரம் குந்திய நாளில் பெரியம்மாவும் போய்க் குந்தினார். காடு ஆளை விழுங்கும் என்று இந்த மண்ணில் நின்று சொல்லாதீர்கள். ஆளைக் காணவில்லை என்றால் ஏன், எங்கே, யார் கடைசியாகக் கண்டது என்று கேளுங்கள். கேட்காமல் மர்மம் என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

பெரியம்மாவுக்கும் யாரோ அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் போனேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். அமெரிக்காவைப் பற்றியோ மர்மத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை.

"அந்த மனுசன் வந்திட்டாராம் எல்லே தம்பி" என்றார். "எந்தப் பக்கத்தாலை வந்தவராம்?"