மைக் கையில் கிடைத்த அண்ணாச்சிக்கு

அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு, நாலு தடவை. கடைசி தடவை சிறப்பு விருந்தினரை விட்டுவிட்டு, முன்வரிசையில் இருந்த அந்தக் குண்டுப் பையனின் அம்மாவைத்தான் பார்த்தேன். "என்னலே, டவுன் அல்வா பூரா உன் வயித்துக்குள்ளதான் இருக்கா? உங்கம்மைக்கு ஊட்டுறதத் தவிர வேற சோலி இல்லையா?" என்று சிறப்பு விருந்தினர் அந்தப் பையனைப் பார்த்து மைக்கில் கேட்க, கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

பிள்ளை குண்டாக இருந்தால் குற்றவாளி அம்மா. விசாரணையே கிடையாது.

எனக்கு ரெண்டு பையன்கள். பாளையங்கோட்டையில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சட்டியில் சொதி. மூத்தவன் ஆறு தோசை தின்றாலும் முருங்கைக்காய்தான். சின்னவனுக்கு ரெண்டே தோசை, ஆனாலும் குண்டு. யூனிஃபார்ம் தைக்கப் போனால் டெய்லர் டேப்பைச் சுற்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி "முப்பத்திரெண்டு" என்பார். இவன் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பான். "எக்காதப்பா, அளவு தப்பிரும்." அந்த எக்கல் எனக்குத் தெரியும், நானும் எக்கியிருக்கிறேன். என் ஆச்சிக்கும் இதே உடம்புதான். விடியுமுன்னே குறுக்குத்துறைக்கு நடந்துபோய்க் குளித்து, ஈரச்சேலையோடு நடந்தே வந்து பழையசோறு குடித்தவள். அவளுக்கு யார் அல்வா ஊட்டினார்கள்?

டென்மார்க்கில் தத்துப்போனவர்களை வளர்ந்தபின் ஆராய்ந்து 1986இல் எழுதினார்கள். அவர்கள் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையான 5,000 ஜோடிக்கும் மேற்பட்ட இரட்டையரைப் பார்த்து, பிள்ளைக்குப் பிள்ளை உடல் பருமனில் உள்ள வித்தியாசத்தில் 77 சதவீதம் மரபணுவால் வருவது என்று 2008இல் கணக்குச் சொன்னார்கள். 1997இல் இங்கிலாந்தில் ஒரு எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ இருந்தாள். உடம்பில் கொழுப்பு போதுமான அளவு இருப்பதை மூளைக்குச் சொல்லிப் பசியை அடக்குகிற லெப்டின் என்ற ஹார்மோன் அவள் உடம்பில் கிட்டத்தட்டச் சுரக்கவேயில்லை. அபூர்வமான குறைதான், எல்லாப் பிள்ளைக்கும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவள் அம்மாவையும் எத்தனை பேர் என்னென்ன கேட்டிருப்பார்கள்!

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இத்தனை குண்டுப் பிள்ளைக இல்லையே, ஜீன் அதுக்குள்ள மாறிருச்சா?" என்று ஒருத்தர் கேட்பார். நல்ல கேள்வி. ஜீன் மாறவில்லை. பள்ளிக்கூட வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளும் செல்போனும் வந்திருக்கின்றன. ஆனால் ஒரே வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தாலும் எல்லா நெல்லும் ஒரே உயரம் வளருமா? அப்புறம் இன்னொன்று. விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொண்டது அம்மாவா? அதை அதே மேடையில், அதே மைக்கில் கேட்டிருக்கலாமே. கேட்டால் சால்வை கிடைக்காது.

"பிள்ளை நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. நல்லது சொல்ல மருத்துவர் இருக்கிறார், அவர் அறையில் கதவும் இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் மூத்தவனைப் பார்த்ததும் "பிள்ளைக்குச் சோறே போடமாட்டியாட்டி?" என்பார்கள். காபி ஆறுவதற்குள் சின்னவனைப் பார்த்து "இப்பிடியா போட்டுத் திணிப்ப?" ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு. பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு, இவனுக்குத் தன் தொப்பையையும் தன் அம்மாவின் தொடையையும் அப்படியே கொடுத்த மனுஷனை இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று ராத்திரி சின்னவனும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டான். ரெண்டு தோசை தின்று முடித்து, தட்டில் விரலால் சட்னியை வழித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து கேட்கவில்லை. மூணாவது தோசை ஊற்றினேன், நல்லெண்ணெய் விட்டே.

அதுக்கும் ஏதாவது சொல்லணும்னா கீழே சொல்லிட்டுப் போங்க.